டிரினிடாட் டொபேகோவுக்கு முதற்பயணம்: இரண்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது?

ஹட்டன்_ஆசிரியை எழுதியது:

வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் நெடுங்காலம் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இம்முறை குளிர்காலத்தை டொரன்டோவில் வசிக்கும் மகளோடு கழிக்கச் செல்கிறோம். பனிக்குப் பயந்து அப்பா வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பார் என்று எண்ணிய மகள், ஜனவரி இறுதியில் மூவருமாக டிரினிடாட் டொபேகோவுக்குப் போய் இரண்டு வாரம் தங்கி வரலாம் என்கிறாள். கரும்பலகையில் கரிபியன் தீவுகளைப் புள்ளி புள்ளியாக எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். அப்புள்ளிகளில் ஒன்றில் கால் வைப்பேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

என் கணவருக்கு வயது அறுபத்தொன்பது. முழங்கால் வலி உண்டு. 2001ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணி வந்தபோது, டிரினிடாட்டில் பிறந்த பிரையன் லாராவைப் பார்ப்பதற்காகவே அஸ்கிரிய மைதானத்துக்குச் சென்றவர். ஆகவே அவருக்கு இந்தப் பயணத்தின் காரணம் வேறு. எனக்கு நீந்தத் தெரியாது. மகள் தேடித் தந்த இணையப் பக்கங்களோ கடற்கரையையும் குடிவகைகளையும் தவிர வேறெதையும் பேசவில்லை. இரண்டு தீவுகளுள் எதில் எத்தனை நாள் தங்குவது, வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் உண்பவளுக்கு அங்கே என்ன கிடைக்கும், வெளியே நடமாடுவது பாதுகாப்பானதா என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட நம்மவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் தமிழ் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

தலவாக்கலையான் எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் டிரினிடாட்டின் மேற்குக் கரையிலுள்ள பொயின்ட் லீசாஸ் தொழிற்பேட்டையில் மூன்றாண்டுகள் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்தவன். குடியிருந்தது பக்கத்து ஊரான கூவாவில். அந்த நாட்டை வாழ வைப்பவை எண்ணெயும் இயற்கை எரிவாயுவுமே. சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்காத கரிபியன் தீவு என்பதால்தான் இணையத்தில் அதைப் பற்றிய ஒழுங்கான வழிகாட்டி குறைவு. அங்கே சென்றால் எவரும் உங்களைச் சட்டையைப் பிடித்து இழுத்து எதையும் விற்க மாட்டார்கள் என்ற நிம்மதியும் அதனால்தான்.

புவியியல் கற்பித்தவர் என்பதால் வரைபடத்திலிருந்தே தொடங்குகிறேன். டிரினிடாட்டின் பரப்பு 4,768 சதுர கிலோமீற்றர்; நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். டொபேகோ 300 சதுர கிலோமீற்றர் மட்டுமே. டிரினிடாட்டின் நுனியிலிருந்து வெனிசுவேலாவின் கரைக்கு 11 கிலோமீற்றர்தான் என்பதால், அதைத் தென் அமெரிக்காவிலிருந்து பிய்ந்து வந்த துண்டு என்றே கருத வேண்டும். பறவை, பாம்பு, மரம் எல்லாம் அந்தக் கண்டத்துக்கு உரியவை. வடக்கே ஒரு மலைத்தொடர் இருக்கிறது. ஆனால் அதன் மிக உயர்ந்த சிகரமே 940 மீற்றர்தான், நம் நுவரெலியா நகரமோ 1,868 மீற்றரில் இருக்கிறது. எனவே மலை என்று கேள்விப்பட்டு ஸ்வெட்டரைக் கொண்டுபோக வேண்டாம். அதை டொரன்டோவிலேயே விட்டுவிட்டுப் பருத்தி உடைகளோடு செல்லுங்கள். ஜனவரி முதல் மே வரை அங்கே வறண்ட காலம் ஆகையால் நீங்கள் தேர்ந்த மாதம் நல்லது. சூறாவளிகளின் வழமையான பாதைக்குத் தெற்கே இருப்பதால் மற்ற தீவுகளை அலைக்கழிக்கும் புயல்களும் இங்கே அரிது.

டொரன்டோவிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். நீங்கள் கவனிக்க வேண்டியது கடதாசி வேலையைத்தான். உங்கள் கனடா விசா பல தடவை நுழைவதற்குரியதா என்று முதலில் பாருங்கள், இல்லையெனில் மகள் வீட்டுக்குத் திரும்ப முடியாமல் நடுவழியில் நிற்க நேரும். டிரினிடாட்டுக்கான விசாவைப் பற்றி அந்நாட்டின் டொரன்டோ துணைத் தூதரகத்தில் இலங்கைக் கடவுச்சீட்டைக் குறிப்பிட்டு எழுத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மகளுடைய கடவுச்சீட்டு கனடாவுடையதாக இருந்தால் அவளுக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாது.

இரண்டு வாரத்தில் ஒன்பது நாட்களை டிரினிடாட்டுக்கும் எஞ்சியதை டொபேகோவுக்கும் கொடுப்பதே என் பரிந்துரை. தலைநகரான போர்ட் ஒப் ஸ்பெயினுக்கு இரண்டு நாள் போதும். நகரின் நடுவே குவீன்ஸ் பார்க் சவன்னா என்ற பரந்த புல்வெளி உண்டு. முன்பு குதிரைப் பந்தயம் ஓடிய அந்தத் திடலைக் கண்டால் நுவரெலியாவின் வசந்தகால நினைவு வராமல் போகாது. மாலையில் அதன் ஓரத்தில் இளநீர் வாங்கிக் குடித்தபடி, மேற்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் ஏழு பழைய மாளிகைகளைப் பார்க்கலாம். உங்கள் கணவருக்குக் குவீன்ஸ் பார்க் ஓவல் மைதானத்தைக் காட்டிய பிறகு, லாரா பிறந்து வளர்ந்த சாந்தா குரூஸ் பள்ளத்தாக்கு வழியாக வாகனத்தில் மலையேறி மராக்காஸ் குடாவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். சாந்தா குரூஸ் பழைய கொக்கோ நிலம். கொக்கோவுக்கு நிழல் தர வளர்த்த மரங்கள் அந்த மாதங்களில் செம்மஞ்சளாகப் பூத்து நிற்கும். அவை தேயிலைக்கு நிழலாக நாம் நட்ட முருக்க மரத்தின் இனமே. குடாவில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே மட்டுமே இறங்க வேண்டும், நீந்தத் தெரிந்தவரையும் இழுக்கும் நீரோட்டம் அங்கே உண்டு.

இனி, பெரும்பாலான பயணிகள் எட்டிப் பார்க்காத நடுப் பகுதி. நான் ஒன்பது நாள் என்று சொன்னதே இதற்காகத்தான். சகுவானஸ், கூவா, வாட்டர்லூ ஆகிய ஊர்கள் கரும்பின் நிலம். 1845 மே 30ஆம் திகதி ஃபட்டேல் ரசாக் என்ற கப்பல் இருநூற்றுச் சொச்சம் ஒப்பந்தத் தொழிலாளரைக் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்து இறக்கியது. அந்த நாள் இன்று அங்கே பொது விடுமுறை. அரச கரும்பு நிறுவனம் 2003இல் மூடப்பட்ட பிறகு வயல்களில் பல வெறும் புல்வெளியாகிவிட்டன. கைவிடப்பட்ட தேயிலை மலைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் காட்சி புதியதாகவே இருக்கவில்லை.

வாட்டர்லூவில் கடலுக்குள் ஒரு சிறிய கோயில் நிற்கிறது. சிவ்தாஸ் சாது என்ற கரும்புத் தொழிலாளி 1947இல் கரையோரத்தில் கட்டிய கோயில், கரும்புக் கம்பெனிக்குச் சொந்தமான நிலத்தில் இருப்பதாகக் கூறி 1952இல் இடிக்கப்பட்டது. அவரைச் சிறையிலும் அடைத்தார்கள். நிலம் உன்னுடையது என்றால் கடல் எவனுடையது என்று கேட்டாற்போல், வெளியே வந்தவர் சைக்கிளில் கல்லும் சீமெந்தும் சுமந்துபோய்ச் சேற்றில் கொட்டி, நீருக்கு நடுவே மேடை எழுப்பி, ஆண்டுக்கணக்காகத் தனியாளாகவே மீண்டும் ஒரு கோயிலைக் கட்டினார். இப்போதுள்ள கட்டிடம் 1990களில் புதுப்பிக்கப்பட்டது. கரையிலிருந்து நடைபாதை இருப்பதால் முழங்கால் வலி உள்ளவரும் மெதுவாக நடந்து செல்லலாம். தோட்டத்து நிலத்தில் ஒரு மாரியம்மன் கோயிலுக்கு இடம் கேட்டுத் துரை பங்களா வாசலில் காத்துநின்ற கதைகளைப் பாட்டியிடம் கேட்டிருக்கும் எவருக்கும் அந்த இடத்தில் நின்றால் வாய் அடைத்துப்போகும். பக்கத்திலேயே இந்திய கரிபியன் அருங்காட்சியகமும், கராபிச்சைமாவில் 85 அடி உயர அனுமன் சிலையும் உள்ளன. மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஆனால் கோயிலை மாலை வெயிலுக்கு ஒதுக்குங்கள்.

உணவைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். காலையில் தெருவோரத்தில் விற்கும் டபிள்ஸ் என்பது மஞ்சள் சேர்த்துப் பொரித்த இரண்டு மெல்லிய ரொட்டிகளுக்கு இடையே வைத்த கடலைக்கறி, முற்றிலும் மரக்கறி. விற்பவர் முதலில் கேட்பது உறைப்பு எவ்வளவு என்பதைத்தான். நம் கொச்சிக்காய்க்குப் பழகிய நாக்கு என்ற துணிவில் முதல் நாளே நிறையக் கேட்காதீர்கள், அந்த மிளகாய் வேறு சாதி. பருப்பை உள்ளே வைத்துச் சுட்ட தால்பூரி கிடைக்கும். பராட்டாவைக் கல்லிலேயே அடித்துக் கிழித்துத் தருவதற்குக் கிழிந்த சட்டை என்ற பொருளில் பஸ் அப் ஷட் என்று பெயர். கொத்து ரொட்டிக்கு முந்திய கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் கடைந்த கலலூவும் சுவையானதே, ஆனால் பல வீடுகளில் அதில் நண்டு போடுவார்கள் என்பதால் வெள்ளிக்கிழமை கேட்டு உண்ணுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பிச் சொல்வது முறையல்ல. அங்கே துப்பாக்கி வன்முறை உண்டு. 2024 டிசம்பர் இறுதியிலும் மீண்டும் 2025 ஜூலையிலும் அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. வன்முறையில் பெரும்பகுதி குழுக்களுக்கு இடையிலானது என்றாலும், இருட்டிய பிறகு தலைநகரில் நடக்காதீர்கள், கழுத்துச் சங்கிலியை டொரன்டோவிலேயே வைத்துவிடுங்கள், அறிமுகமான சாரதி ஒருவரையே எல்லா நாட்களுக்கும் அமர்த்திக்கொள்ளுங்கள். வாடகை வாகனங்களின் இலக்கத்தகடு H என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். P என்ற எழுத்தில் தொடங்குவது தனியார் வண்டி, அதில் கூலிக்கு ஏறக் கூடாது. வாகனங்கள் நம் நாட்டைப் போல் இடப் பக்கமே ஓடும்.

ஊவா_காற்று எழுதியது:

தலவாக்கலை அண்ணன் எழுதியது பயனுள்ளது என்றாலும், நாட்களைப் பிரித்த முறையை நான் ஏற்கவில்லை. அவர் வேலை செய்த இடத்தின் மீதுள்ள பாசத்தில் டொபேகோவை ஒரு வால்போல ஒட்டியிருக்கிறார். முழங்கால் வலியுள்ள பெரியவரை முதல் வாரமே நெரிசலான வீதிகளில் அலைக்கழிப்பதைவிட, டொபேகோவில் ஆறேழு நாள் ஓய்வாகத் தங்கவைத்து, பிறகு டிரினிடாட்டுக்கு அழைத்து வருவதே பொருத்தம். டிரினிடாட்டின் பியார்கோ விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம்; கப்பல் பயணம் மலிவு, ஆனால் கடல் கொந்தளித்தால் மூன்று நான்கு மணி நேரமும் வயிற்றைப் புரட்டும்.

டொபேகோவின் முதுகெலும்பாக ஓடும் மலைக்காடு 1776 ஏப்ரலிலேயே சட்டத்தால் காக்கப்பட்டது. மழையைத் தருவது காடு என்ற காரணத்துக்காகவே உலகில் முதன்முதலாக ஒதுக்கப்பட்ட காடுகளில் அதுவும் ஒன்று. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக மலை உச்சிவரை மொட்டையடிக்கப்பட்ட ஊரிலிருந்து போன நான், கரும்புத் தோட்டக்காரர்களே அப்படியொரு சட்டத்தை நிறைவேற்றினார்கள் என்று அறிந்தபோது சற்றுப் பொறாமைப்பட்டேன். வழிகாட்டியோடு சென்றால் வீதியருகே உள்ள சமமான பாதையிலேயே பல பறவைகளைக் காணலாம். நீந்தத் தெரியாத உங்களுக்கு புக்கூ பவளப்பாறை ஏற்றது, அடிப்பாகம் கண்ணாடியாலான படகில் அமர்ந்தபடியே பவளத்தையும் மீன்களையும் பார்க்கலாம். அதே படகு நைலோன் பூல் என்ற இடத்தில் நிறுத்தும். நடுக்கடலில் இடுப்பளவு நீரும் வெண்மணலும். அங்கே இறங்கி நின்றதை என் அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவார்.

டிரினிடாட்டில் ஒன்றை மட்டும் தவறவிட வேண்டாம். கரோனி சதுப்பு நிலத்தில் பிற்பகல் படகில் ஏறினால், பொழுது சாயும்போது செந்நிற அரிவாள் மூக்கன் என்ற பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து கண்டல் மரங்களில் அடையும். பச்சை மரம் சிறிது நேரத்தில் சிவந்துவிடும். அவை உண்ணும் நண்டு, இறால் வகைகளிலுள்ள நிறமியே அந்தச் சிவப்புக்குக் காரணம். நுளம்பெண்ணெயும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். லா பிரேயாவிலுள்ள தார் ஏரியைப் புவியியல் ஆசிரியர் என்ற முறையில் நீங்கள் விரும்புவீர்கள்: ஏறத்தாழ நூறு ஏக்கர் பரப்பு, உலகின் மிகப் பெரிய இயற்கைத் தார்ப்படிவு, 1595இல் ஆங்கிலேயக் கடலோடி வோல்டர் ராலி தன் கப்பல்களின் பொருத்துகளை அடைத்தது அந்தத் தாரால்தான். மேற்பரப்பு சமமற்றது என்பதால் உங்கள் கணவர் கரையில் இருக்கட்டும், நீங்கள் வழிகாட்டியோடு செல்லுங்கள். தோல் போன்ற முதுகுடைய பேராமைகள் கரையேறும் பருவம் மார்ச்சில்தான் தொடங்கும்; ஜனவரியில் ஆமை காட்டுகிறேன் என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பதுளை_தாதி எழுதியது:

இருவரும் தடுப்பூசியைப் பற்றிப் பேசவில்லை. டிரினிடாட் மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள இடமாகக் கணிக்கப்படுகிறது. அத்தகைய நாடுகளிலிருந்து வருவோரிடம் இலங்கை தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறது. இங்கே அது கொழும்பு, பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடப்படுகிறது. ஊசி போட்டுப் பத்து நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும், அதன்பின் ஆயுள் முழுவதற்கும் ஒன்றே போதும். ஆனால் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்தத் தடுப்பூசியால் கடுமையான பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், உங்கள் கணவரின் நோய் விவரங்கள், அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் வைத்தியரிடம் காட்டிய பிறகே முடிவெடுக்க வேண்டும். போடக் கூடாது என்று வைத்தியர் தீர்மானித்தால் அதற்கான விலக்குக் கடிதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். இதை டொரன்டோ புறப்படுவதற்கு ஓரிரு மாதம் முன்னரே முடித்துவிடுவது நல்லது.

ஹட்டன்_ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் நன்றி. தடுப்பூசி விடயம் எங்கள் எண்ணத்திலேயே இருக்கவில்லை. அடுத்த கிழமை வைத்தியரிடம் செல்கிறோம். முதலில் டொபேகோவில் ஆறு நாள், பிறகு டிரினிடாட்டில் எட்டு நாள் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். லாரா பிறந்த ஊரைப் பின்னுக்குத் தள்ளியதில் இவருக்குக் கொஞ்சம் வருத்தம். தமிழைப் பற்றிய என் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை.

பேராதனை_வாசகன் எழுதியது:

டீச்சர், தமிழைப் பேச்சுமொழியாக அங்கே எதிர்பார்க்க வேண்டாம். 1845 முதல் 1917 வரை டிரினிடாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பான்மையினர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரி பேசுவோர்; சென்னையில் கப்பலேறியவர்கள் சிறு தொகையினர். அவர்களை மற்றவர்கள் மதராசி என்றே அழைத்தனர். மொழி சில தலைமுறைகளில் கரைந்துவிட்டாலும் பெயர்கள் கரையவில்லை. முத்து என்பது மூட்டூ என்றும், வீராசாமி, முனிசாமி போன்றவை சற்றே திரிந்தும் குடும்பப் பெயர்களாக நிலைத்திருக்கின்றன. காளி மாயி பூசை நடக்கும் கோயில்களில் அடிக்கும் பறைக்கு இன்றும் பெயர் தப்பு. அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே நான் போயிருப்பேன். வட இந்தியரிடமிருந்து வந்த தாசா என்ற முழவை, தோல் இறுகுவதற்காக அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்சுவார்கள். திருவிழாவுக்கு முன் லயத்து வாசலில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்றே என்று அங்குள்ளவர்களிடம் பேச்சைத் தொடங்காதீர்கள் என்பது என் வேண்டுகோள், ஏனெனில் முக்கியமான இடத்தில் அவை பிரிகின்றன. அங்கே எழுத்தில் அமைந்த ஐந்தாண்டு ஒப்பந்தம். வேலையை விட்டு நீங்கினால் சிறை. இங்கே ஆள் திரட்டிய கங்காணி கொடுத்த முன்பணமும், கடன் தீர்ந்தது என்ற துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாத நிலையும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. அங்கே 1869 முதல் சுமார் பத்தாண்டுகள், ஊர் திரும்பும் கப்பல் பயணத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்கு அரச நிலம் வழங்கப்பட்டது. அந்த நிலத்தில் கொக்கோவும் கரும்பும் தாமே பயிரிட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பிரதமர் பதவிவரை அந்தச் சமூகம் சென்றது. இங்கே 1948இன் குடியுரிமைச் சட்டம் நம் தாத்தாக்களை நாடற்றவர்களாக்கியது; லயத்து வீட்டுக்குக் காணி உறுதி கேட்பது இன்றும் தொடர்கிறது. வாட்டர்லூ அருங்காட்சியகத்தில் வயதானவர்கள் யாரேனும் பேச்சுக் கொடுத்தால், அவர்களுடைய பாட்டனாருக்குக் கிடைத்த காணி எந்த ஊரில் என்று கேளுங்கள். நல்ல உரையாடல் அங்கிருந்துதான் கிளம்பும்.

தலவாக்கலையான் எழுதியது:

டொபேகோவை முன்னே வைத்ததில் எனக்கு மறுப்பில்லை. அப்படியானால் டிரினிடாட் நாட்கள் பெப்ரவரியில் விழும், அதில் ஒரு இலாபமும் உண்டு. சாம்பல் புதனுக்கு முந்திய திங்களும் செவ்வாயும் கார்னிவல். அந்த இரண்டு நாட்களில் அறை வாடகை ஏறிவிடும், கூட்டமும் தாங்காது. நீங்கள் அதற்கு முன்பே திரும்பிவிடுவது போல் நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முந்திய வாரங்களில் ஸ்டீல் பான் குழுக்கள் தங்கள் முற்றங்களில் இரவுதோறும் ஒத்திகை பார்ப்பார்கள். எண்ணெய்ப் பீப்பாயின் மூடியைத் தட்டித் தட்டிச் சுரம் பிரித்த அந்த வாத்தியம் பிறந்த மண்ணிலேயே, நூறு பேர் சேர்ந்து வாசிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்கலாம். சாரதியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

சில சில்லறை விடயங்கள். இராணுவச் சீருடை போன்ற புள்ளித்துணியில் தைத்த எதையும், தொப்பியாக இருந்தாலும், கொண்டுபோக வேண்டாம். பொதுமக்கள் அதை அணிவது அங்கே சட்டவிரோதம், சுங்கத்திலேயே பறிமுதல் செய்வார்கள். மின்சாரம் 115 வோல்ட், இரண்டு தட்டை முனை கொண்ட பிளக்; மகள் வீட்டுச் சார்ஜர்கள் அப்படியே பொருந்தும், நம் வீட்டுக் கேத்தல் வேலை செய்யாது. ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 6.70 டிரினிடாட் டொலர் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. அங்கே சூடான பானம் எதற்கும் தேநீர் என்றே சொல்வார்கள். கொக்கோவும் தேநீர், மைலோவும் தேநீர். வந்த முதல் மாதம் கூவாவில் என் வீட்டுக்காரம்மா காலைத் தேநீர் தரட்டுமா என்று கேட்க, நான் ஆவலோடு தலையாட்டினேன். ஜாதிக்காயும் கறுவாவும் போட்ட கொக்கோ வந்தது. அடுத்த விடுமுறையில் ஊரிலிருந்து இரண்டு கிலோ தூளைக் கொண்டுபோய் அவருக்கு ஒரு பொட்டலம் கொடுத்தேன். டீச்சர், நீங்களும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள். டிக்கோயாத் தூள் என்றால் இன்னும் நல்லது.